சணல் விதைப் பொதி: இரண்டு போக அனுபவம்

யாழ்ப்பாணத்து விதைக் கடையொன்றில் பசுந்தாட் பசளைக்கென, அதாவது செடியைப் பச்சையாகவே மண்ணில் உழுது உரமாக்குவதற்கென, விற்கப்படும் சணல் விதையை, எனது 8 பரப்புச் செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கு முன்னதாக இரண்டு ஆண்டுகள் விதைத்துப் பார்த்தேன். பூவரசங் குழையும் பனையோலையும் மண்ணில் தாழ்த்திய அப்புவின் வழக்கம் இன்றைய கூலிக்குக் கட்டுபடியாகாது என்பதே இதனை நாடியதற்குக் காரணம்.

முதலாவது பொதி ஏமாற்றமளித்தது. ஈரச் சாக்கில் பரப்பிய 100 விதைகளில் 61 மட்டுமே முளைத்தன. பொதி செய்த திகதியும் அதில் இல்லை. கடைக்காரர் மழையைக் குறை கூறினார். ஆனால் சாக்கு மழை படாத விறாந்தையில்தான் கிடந்தது. மறு ஆண்டு திகதியிட்ட பொதி வாங்கியதில் இக்குறை இருக்கவில்லை.

முளைத்த செடிகள் தம் வேலையைச் செய்தன. 40ஆம் நாள் ஒன்றைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. முடிச்சிலுள்ள பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பிடிக்கின்றன என்பதற்கு அந்நிறமே சான்று. 8 பரப்பில், அதாவது அரை ஏக்கரில், ஒரு தொன் உலர்பொருள் விளைந்து அதில் 2.5 வீதம் நைதரசன் இருந்தால் 25 கிலோ கிடைக்கும். 46 வீத நைதரசன் கொண்ட யூரியாவில் அது 50 கிலோ மூடை ஒன்றுக்குச் சற்று அதிகம். ஆயினும் அதில் ஒரு பங்கு மண்ணிலிருந்தே உறிஞ்சப்பட்டது என்பதால் முழுவதையும் வரவாக எழுத முடியாது.

உழும் நாளே முக்கியம். முதலாண்டில் பூ அரும்பியதும் உழுதேன். வெங்காயம் நன்றாக வந்தது. மறு ஆண்டில் மாரி மழை உழவைத் தள்ளிப்போட, தண்டு முற்றி, நைதரசனோடு ஒப்பிடுகையில் காபன் விகிதம் உயர்ந்தது. அதனை உக்கச் செய்த நுண்ணங்கிகள் மண்ணிலிருந்த நைதரசனையும் இழுத்துக்கொண்டதால் வெங்காயத் தாள் ஒரு மாதம் மஞ்சளித்து நின்றது. அதற்காக, முந்தி உழுதுவிட்டு நிலத்தை வெறுமையாக விடுவதும் தவறு. மழைநீர் அந்த நைதரசனை நைத்திரேற்றாகச் சுண்ணக்கல்லூடாகக் கிணற்றுக்கே கொண்டுசேர்க்கும். நாம் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

‘மண்ணின் காபனை ஒரே போகத்தில் உயர்த்தும்’ என்று பொதியில் அச்சிட்டிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அரை ஏக்கரின் மேல் 15 சென்ரிமீற்றர் மண் ஏறத்தாழ 420 தொன். அதில் காபனை 0.1 வீதம் உயர்த்த 420 கிலோ வேண்டும். ஒரு தொன் சணலில் உள்ள காபன் முழுவதுமே ஏறக்குறைய அவ்வளவுதான். நமது வெயிலில் அதில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். இரண்டு போகத்துக்குப் பின் செய்வித்த மண் பரிசோதனையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

யூரியாச் செலவைக் குறைக்க விரும்புவோர் திகதி பார்த்து வாங்கலாம். ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுப்பேன். காபனுக்காக, மெதுவாக உக்கும் பனையோலையை இரண்டு பரப்பில் மட்டும் கூலி கொடுத்துத் தாழ்த்தியிருக்கிறேன்.