மூன்று வாரம் ஐபோன், மூன்று வாரம் அல்ட்ரா: மாறலாமா என்று பார்த்ததில்

என் கையில் இருப்பது சாம்சங் எஸ்22 அல்ட்ரா, 2022 பிப்ரவரியில் வந்த போன். ஆண்ட்ராய்டு 16தான் அதற்குக் கிடைக்கும் கடைசிப் பெரிய அப்டேட், பாதுகாப்பு அப்டேட்டும் 2027 தொடக்கத்தோடு நின்றுவிடும். அடுத்து எதை வாங்குவது என்று யோசிக்கத் தொடங்கியபோது, இந்த முறை கேள்வியைக் கொஞ்சம் பெரிதாகவே கேட்டுக்கொண்டேன்: ஆண்ட்ராய்டிலேயே இருப்பதா, இல்லை ஐபோனுக்கே போய்விடுவதா? தம்பியிடம் ஐபோன் 17 புரோ மேக்ஸ் இருக்கிறது, அவன் வேலைக்கு இன்னொரு போன் வைத்திருப்பதால் தைரியமாகக் கொடுத்தான். எஸ்25 அல்ட்ராவைத் தோழி ஒருத்தி கொடுத்தாள். இரண்டையும் முழுக்க அழித்து, புதிது போல ஆக்கி, என் எண்ணைப் போட்டு, ஒவ்வொன்றையும் மூன்று வாரம் அதுதான் என் ஒரே போன் என்று வைத்துக்கொண்டேன். கடையில் பத்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கையில் பிடிக்கும் விஷயம். ஐபோன் 231 கிராம், எஸ்25 அல்ட்ரா 218. பதின்மூன்று கிராமெல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றும், ஆனால் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தால் மணிக்கட்டுக்கு அந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. இரண்டுக்கும் 6.9 அங்குலத் திரை, இரண்டிலும் 12 ஜிபி ரேம். ஆப்பிள் டைட்டானியத்தை விட்டுவிட்டு அலுமினியத்துக்குத் திரும்பியதற்குக் காரணம் சூடு. அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடும், கூடவே சிப்பின் சூட்டைப் பரப்ப உள்ளே ஒரு வேப்பர் சேம்பரும் வைத்திருக்கிறார்கள். அதனால் நீண்ட நேரம் வீடியோ எடுத்தாலும் போன் ஒரே இடத்தில் கொதிக்காமல் மொத்த உடம்பும் வெதுவெதுப்பாக இருக்கிறது. சாம்சங்கிலும் வேப்பர் சேம்பர் உண்டு, அதன் வெளிச்சட்டகம் இன்னும் டைட்டானியம்தான். வேகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஐபோனின் ஏ19 புரோ சிப்பும் அல்ட்ராவின் ஸ்னாப்டிராகன் 8 எலைட் சிப்பும் நான் கொடுத்த எந்த வேலையிலும் திணறவில்லை, இந்த இரண்டுக்கும் இடையில் வேகத்தை வைத்து முடிவெடுக்கவே வேண்டாம்.

திரையில் அல்ட்ராதான் எனக்கு. ஐபோனின் கண்ணாடியிலும் இந்த முறை எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது, முந்தைய ஐபோன்களைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே ஜன்னலுக்கு எதிரே பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால், அல்ட்ராவின் திரையில் ஜன்னல் ஏறக்குறைய காணாமல் போகிறது, ஐபோனில் வெளிறித் தெரிகிறது. வெளியில் நின்று படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும்.

பேட்டரி இரண்டிலும் ஒரு நாளுக்குத் தாராளம். 2020-ல் எஸ்20 அல்ட்ராவில் வைத்த அதே 5000 எம்ஏஎச்தான் எஸ்25 அல்ட்ராவிலும், அந்த எண் நகரவே இல்லை என்பது எனக்குக் குறைதான். சிம் துளை இல்லாமல், போனுக்குள்ளேயே பதிந்த இசிம் மட்டும் உள்ள 17 புரோ மேக்ஸில் அந்த இடத்தையும் பேட்டரிக்கே கொடுத்திருக்கிறார்கள், எடை 233 கிராம் ஆகிறது. அப்புறம் காந்தம். ஐபோனைச் சார்ஜர் பக்கத்தில் கொண்டுபோனால் தானாக ஒட்டிக்கொள்கிறது, வயர் இல்லாமலே 25 வாட் வரை ஏறும். அல்ட்ராவில் காந்தமே இல்லை, காந்தம் வைத்த உறை வாங்கிப் போட்டால்தான் ஒட்டும், அப்போதும் 15 வாட்தான். கூகுளோ பிக்சல் 10 வரிசையில் காந்தத்தை உள்ளேயே வைத்துவிட்டது. சாம்சங் ஏன் தயங்குகிறது என்று புரியவில்லை.

சரி, கேமரா. படம் என்றால் இரண்டும் ஏறக்குறைய சமம், ருசிதான் வேறு. ஐபோனில் பின்னால் இருக்கும் மூன்றுமே 48 மெகாபிக்சல், ஜூம் 4 மடங்கு, அதே சென்சாரின் நடுப்பகுதியை வெட்டி 8 மடங்கு. அல்ட்ராவில் 200 மெகாபிக்சல் பிரதானக் கேமரா, 3 மடங்குக்கு ஒன்று, 5 மடங்குக்கு ஒன்று. தூரத்து மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அல்ட்ரா வசதி. ஆனால் அசையாமல் நிற்கும் பறவைக்கு. ஓடுகிற குழந்தை, தலையைத் திருப்பிச் சிரிக்கிற ஆள், இவர்களுக்கு ஐபோனின் ஷட்டர் சட்டென்று விழுகிறது. தோல் நிறத்தையும் ஐபோன் உள்ளபடி விடுகிறது, அல்ட்ரா நிழலில் நிற்கும் முகத்தைச் சற்று வெளுப்பாக்கிக் காட்டப் பார்க்கிறது.

வீடியோ வேறு கதை. வாரம் ஒருமுறை அப்பாவைப் பழைய கதைகள் சொல்ல வைத்துப் பதிவு செய்கிறேன், மூன்று வருடமாக நடக்கிறது. ஐபோனில் எடுத்த மூன்று பதிவுகளையும் பழையவற்றோடு சேர்த்துப் பார்த்தபோது மனம் கொஞ்சம் கலங்கிவிட்டது. அப்பா கையை ஆட்டிப் பேசும்போது வெளிச்சம் மாறினாலும் படம் துள்ளவில்லை, ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நிறம் குதிக்கவில்லை, பின்னால் மின்விசிறி ஓடினாலும் குரல் குரலாகவே இருக்கிறது. முன்பக்கக் கேமராவின் சென்சாரைச் சதுரமாக்கியிருப்பதால், போனை நெட்டாகப் பிடித்தபடியே இரண்டு பேரையும் அகலமான சட்டத்துக்குள் கொண்டுவர முடிகிறது. அல்ட்ராவின் வீடியோவும் நல்ல வீடியோதான், 8கே வரை எடுக்கும். ஆனாலும் எந்த யோசனையும் இல்லாமல் பட்டனை அழுத்தினால் நன்றாக வரும் என்ற நம்பிக்கை ஐபோனில்தான் எனக்கு வந்தது. மாற வேண்டும் என்று மனம் சாய்ந்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் நான் நாளில் பாதி நேரம் தமிழில் தட்டச்சு செய்கிறவள். மதிப்புரைகளில் இதைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை, எனக்கோ இதுதான் முதல் கேள்வி. ஐபோனில் தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தட்டும் தமிழ் 99, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் அஞ்சல் இரண்டு கீபோர்டுகளும் உள்ளேயே வருகின்றன, வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். தமிழ் 99 பழகியவர்களுக்கு அது போதும், நேர்த்தியாகவே இருக்கிறது. என் பழக்கம் வேறு. பாதி வாக்கியத்தை விரலால் தட்டுவேன், மீதியைக் குரலால் சொல்வேன், சில நேரம் திரையில் விரலால் எழுதியும் காட்டுவேன். ஆண்ட்ராய்டில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு இந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. அதே ஜிபோர்டை ஐபோனிலும் போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் வெளியார் கீபோர்டு எதையும் மைக்கை நேரடியாகத் தொட விடுவதில்லை, கடவுச்சொல் கட்டம் வந்தால் தானாக ஆப்பிளின் கீபோர்டுக்குத் தாவிவிடும். பாதுகாப்புக்காகச் செய்திருக்கிறார்கள், காரணம் நியாயமானது. ஆனால் வேலையின் நடுவில் கீபோர்டு மாறும்போதெல்லாம் சொல்ல வந்த வாக்கியத்தின் நூல் அறுந்துவிடுகிறது. முன்பு நகலெடுத்த நாலைந்து துண்டுகளை வரிசையாகக் காட்டும் கிளிப்போர்டும் ஐபோனில் இல்லை. கடைசியாக நகலெடுத்தது மட்டும்தான் இருக்கும், அடுத்ததை எடுத்தால் முந்தையது போயிற்று. ஒரு கட்டுரையைத் திருத்தும்போது எத்தனை தடவை முன்னும் பின்னும் போய்வர வேண்டியிருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்துவிட்டேன்.

பேச்சு உதவியாளர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஐபோனின் உதவியாளரான சிரிக்குத் தமிழ் தெரியாது, ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதியான ஆப்பிள் இன்டலிஜென்ஸ் ஆதரிக்கும் மொழிகளில் தமிழ் இல்லை. போதாததற்கு, 2024-ல் காட்டிய புதிய சிரியைத் தள்ளிவைப்பதாக 2025 மார்ச்சில் ஆப்பிளே அறிவித்தது. கூகுளின் உதவியாளரான ஜெமினியிடம் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது, அல்ட்ராவின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தாலே அது வந்து நிற்கிறது. ஜெமினியை ஐபோனிலும் செயலியாகப் போடலாம், ஆனால் போனோடு அப்படி ஒட்டிக்கொள்வதில்லை. இதை நான் ஒரு நாளில் எத்தனை முறை பயன்படுத்துகிறேன் என்பது ஐபோனில் இருந்த மூன்று வாரத்தில்தான் எனக்கே தெரிந்தது.

அறிவிப்புகளில் இன்னும் பெரிய இடைவெளி. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரே செயலியின் அறிவிப்புகளையே வகை பிரித்து நிறுத்தலாம், பொருள் வந்து சேரும் செய்தி வேண்டும், விளம்பரம் வேண்டாம் என்கிற மாதிரி. ஐபோனில் அந்தப் பிரிவைச் செயலிக்காரரே தன் அமைப்புக்குள் வைத்தால்தான் உண்டு, இல்லையென்றால் எல்லாம் வேண்டும் அல்லது எதுவும் வேண்டாம். பின்னால் போகும் சைகையும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து தள்ளினாலும் பின்னால் போகும், எல்லாச் செயலியிலும் போகும். ஐபோனில் செயலிக்குச் செயலி மாறுகிறது. பழகிவிடும் என்று தம்பி சொன்னான், மூன்று வாரத்தில் முக்கால்வாசி பழகியும் விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாறுவது என்று இறங்குகிறவர்கள் வாட்ஸ்அப்பை முதலில் யோசியுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் வைத்த பேக்கப் ஐபோனில் திறக்காது, ஐகிளவுடில் வைத்தது ஆண்ட்ராய்டில் திறக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு என்றால் ஆப்பிளின் மூவ் டு ஐஓஎஸ் செயலி வழியாகத்தான், அதுவும் ஐபோன் புதிதாக அல்லது முழுக்க அழிக்கப்பட்ட நிலையில் இருக்கும்போது மட்டும். ஆர்வத்தில் முதலில் போனைத் தொடங்கிவிட்டுப் பிறகு அரட்டைகளைக் கொண்டுவரலாம் என்று நினைத்தால் திரும்ப அழித்துத்தான் ஆக வேண்டும். திரும்பி வரும்போது கேபிள் போட்டு மாற்றலாம், 2023-ல் ஐபோன் 15-லிருந்து யுஎஸ்பி-சி வந்துவிட்டதால் இரண்டு பக்கமும் ஒரே முனைதான். ஐபோனை விட்டு வரும்போது ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜை அணைத்துவிட்டு வர மறக்காதீர்கள், இல்லையென்றால் ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் உங்களிடம் வராமல் அங்கேயே தேங்கலாம். எனக்குச் சிக்கல் வந்தது வேறு இடத்தில். இரட்டைச் சரிபார்ப்பு எண்களைத் தரும் ஒரு செயலியில் கணக்குகள் தாமாகவே புதிய போனுக்கு வந்துவிடும் என்று நம்பினேன், வரவில்லை. பழைய போன் பக்கத்தில் இருந்ததால் ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற முடிந்தது, மாலை முழுக்கப் போயிற்று. பழைய போனை அழிப்பதற்கு முன்னால் இதைக் கட்டாயம் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய செயலிகளும் கூட வராது, அந்தப் பக்கம் மறுபடி வாங்க வேண்டியதுதான்.

கைக்கடிகாரம் இன்னொரு பூட்டு. ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு இணையாது, 2021-ன் வாட்ச் 4 முதல் கேலக்ஸி வாட்சுகள் ஐபோனோடு இணையாது. என் கடிகாரத்தை மூன்று வாரம் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். நடையும் தூக்கமும் எனக்கு முக்கியம், அதனால் மாறுவது என்றால் ஒரு போனோடு முடியாது, இரண்டு பொருள் மாற்றுவதாகும்.

அப்டேட்டில் முன்பு ஐபோனுக்கு இருந்த பெரிய அனுகூலம் இப்போது சுருங்கிவிட்டது. எஸ்25-க்கு ஏழு வருடம் என்று சாம்சங் எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. ஆப்பிள் அப்படி எண் சொல்லி விற்பதில்லை, ஆனால் 2018-ன் ஐபோன் எக்ஸ்எஸ் ஐஓஎஸ் 18 வரை வாங்கியது, ஆக நடைமுறையில் அங்கும் ஏழு வருடம்தான். வித்தியாசம் எப்போது வருகிறது என்பதில். ஐபோனில் வெளியாகும் நாளே எல்லாருக்கும் வரும். ஆண்ட்ராய்டு 16 பிக்சலுக்கு 2025 ஜூனில் வந்தது, எஸ்25-க்குச் செப்டம்பரில். மூன்று மாதம் காத்திருக்க எனக்குக் கஷ்டமில்லை, பாதுகாப்பு அப்டேட் மாதாமாதம் வருகிறதா என்பதுதான் நான் பார்ப்பது.

எஸ்22 அல்ட்ரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எஸ்25 அல்ட்ராவோடு வரும், திரையில் எழுதும் பேனாவில் புளூடூத் எடுக்கப்பட்டுவிட்டது. பேனாவின் பட்டனை அழுத்தித் தூரத்திலிருந்து படம் எடுப்பதெல்லாம் இனி நடக்காது. எழுதுவது, கோடிடுவது அப்படியே இருக்கிறது. குடும்பப் படத்துக்கு நான் பேனாவைத்தான் நம்பியிருந்தேன், அதனால் இது எனக்கு உண்மையான இழப்பு. ஒரு வசதியைக் கொடுத்துவிட்டுப் பிறகு பறிப்பது சரியான வழக்கமே இல்லை.

அப்படியானால் முடிவு? மாறவில்லை. எஸ்25 அல்ட்ராவைத்தான் எடுக்கப் போகிறேன். ஐபோன் குறைந்த போன் என்பதால் இல்லவே இல்லை, வீடியோவுக்காக மட்டும் போன் வாங்குகிறவர் என்னிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 17 புரோ மேக்ஸைச் சொல்வேன். ஆப்பிள் வாட்ச், மேக் என்று ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அங்கேயே இருக்கலாம், இந்தப் பக்கம் வந்து அவர்களுக்குக் கிடைக்கப்போவது அதிகமில்லை. ஆனால் நான் வீடியோ எடுப்பது வாரத்தில் ஒரு மணி நேரம், தமிழில் எழுதுவது தினமும். எழுதும் கையை மூன்று வாரம் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது எனக்கு. அதோடு கடிகாரம், வாங்கிய செயலிகள், பழகிய அறிவிப்புகள் எல்லாம் சேர்ந்தபோது தராசு சாய்ந்துவிட்டது.

நேற்று தம்பி போனைத் திரும்ப வாங்க வந்தான். "அக்கா, அப்பா வீடியோவை அழிச்சிடாதே, எனக்கும் ஒரு பிரதி வேணும்" என்றான். அப்பாவின் அடுத்த பதிவுக்கு அவன் ஐபோனோடு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான், நான் ஸ்டாண்டும் மைக்கும் தயார் செய்ய வேண்டும்.