நாலு வருஷம், ஒரு தவளை: மடிப்பு நோட்டில் அறிவியல் குறியீடு நடத்திய அனுபவம்

போன வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு தோழி அழைத்தாள். இந்த வருஷம்தான் முதல்முறையாக ஒன்பதாம் வகுப்புக் கணக்கு அவள் கைக்கு வந்திருக்கிறது. "அக்கா, நீங்க பசங்களைப் படம் வரையவிட்டு, மடிச்சு ஒட்டி நோட்டு போடவைக்கிறீங்களே, அது நிஜமாவே பலன் தருதா? நானும் ஆரம்பிக்கட்டுமா?" என்றாள். "வேண்டாம்மா" என்பதுதான் என் வாயில் முதலில் வந்தது. ஏன் என்று சொல்லப்போய் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அன்று சொன்னதும் சொல்ல விட்டதும் சேர்ந்து இது.

பாடம் அறிவியல் குறியீடு: ரொம்பப் பெரிய, ரொம்பச் சின்ன எண்களை 4.5 × 10³ மாதிரி, ஒன்றிலிருந்து பத்துக்குள் அடங்கும் ஓர் எண்ணையும் பத்தின் அடுக்கையும் பெருக்கி எழுதுவது. முறை பலருக்கும் தெரிந்ததுதான். ஓர் ஏ4 தாளை நீளவாக்கில் மடித்து, மேல்பாதியை மட்டும் மூன்று இடத்தில் வெட்டினால் நான்கு கதவு கிடைக்கும். பெருக்கல், வகுத்தல், கூட்டல், கழித்தல். கதவின் வெளியே படம், திறந்தால் விதி, அடியில் ஒரு கணக்கு. நோட்டில் ஒட்டியபின் இடது ஓரத்தில் ஒரு பத்தி விட்டு, "இங்கே ஏன் அடுக்கு மாறியது?" என்ற மாதிரிக் கேள்விகளைப் பிள்ளைகளே எழுத வேண்டும். இந்தக் கேள்விப் பத்தி என் கண்டுபிடிப்பு இல்லை. 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த குறிப்பெடுக்கும் முறையிலிருந்து எடுத்தது. மெய்யெண்கள் பாடத்தின் வாலில் அறிவியல் குறியீடு வரும்போதெல்லாம் நாலு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

முதலில் சில்லறைப் புலம்பல்களை முடித்துவிடுகிறேன். இரண்டு பீரியடில் முடிகிற பாடம் நாலாகும். அதில் ஒரு பீரியடு முழுக்கக் கத்தரிக்கோலுக்குப் போகும், ஏனென்றால் ஐம்பது பேருக்கு ஒன்பது கத்தரிக்கோல். ஒட்டிய நோட்டு புளித்த மாவு மாதிரி உப்பிக்கொள்ளும். திருத்த அடுக்கிவைத்தால் அடுக்கு சரிந்து விழும் (நான் நடத்துகிற அடுக்கைச் சொல்லவில்லை). முதல் வருஷம் செலவைக் குறைக்கலாம் என்று வீட்டில் மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுபோனேன். அரையாண்டு விடுமுறை முடிந்து பீரோவைத் திறந்தால் கரப்பான்பூச்சிகள் வகுத்தல் கதவை மட்டும் எல்லா நோட்டிலும் தின்று தீர்த்திருந்தன. ஏன் வகுத்தல் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையாகவே நன்றாக வந்த இடங்கள் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெருக்கல் கதவுக்குள் வைக்கும் கணக்கு எப்போதும் ஒன்றுதான். ஒளி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர் போகும். சூரியனிலிருந்து நம்மிடம் வந்துசேர ஏறத்தாழ 500 விநாடி, அதாவது 5 × 10². பெருக்கினால் 15 × 10¹⁰ மீட்டர். வழக்கமாகப் பாதி வகுப்பு இங்கேயே பேனாவை மூடிவிடும். 15 என்பது பத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று எத்தனை முறை கத்தினாலும் ஏறாது. இரண்டாம் வருஷம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கதவின்மேல் ஷேர் ஆட்டோ வரைந்தான். டிரைவர் பக்கத்தில் ஒரே ஆள், நடுவில் கம்பி, மற்றவர்கள் எல்லாம் பின்னால். கம்பிதான் தசமப்புள்ளி. "முன்னாடி ஒருத்தர்தான் உட்காரணும் மிஸ், அந்த ஆளும் பூஜ்ஜியமா இருக்கக் கூடாது." அவ்வளவுதான், 15 × 10¹⁰ ஒரே நாளில் 1.5 × 10¹¹ ஆகிவிட்டது. பூமியின் நிறையை நிலவின் நிறையால் வகுத்து 0.812 × 10² என்று வந்தபோதும், "முன்னாடி பூஜ்ஜியம் உட்கார்ந்திருக்கான்" என்று அவர்களே இறக்கிவிட்டு 8.12 × 10¹ என்று எழுதினார்கள். பூமி நிலவைப்போல 81 மடங்கு கனம் என்பது அன்று அவர்களுக்கு உபரியாகக் கிடைத்தது. நிஜ ஷேர் ஆட்டோவில் முன்னால் மூன்று பேர் உட்காருவார்கள் என்று ஒரு பெண் ஆட்சேபித்தாள், அது வேறு விஷயம்.

இன்னொரு சந்தோஷம் மொபைலில் வந்தது. பெரிய பெருக்கல்களைப் போட்டால் கால்குலேட்டர் திரையில் எண்களுக்கு நடுவே ஈ என்ற ஆங்கில எழுத்து வரும். "மிஸ், கணக்குல ஈ உட்கார்ந்திருக்கு!" என்று ஒருத்தி கத்தினாள். அடுக்கு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது, 'பெருக்கல் பத்தின் அடுக்கு' என்று பொருள் என்றேன். அடுத்த நாள் பாதி நோட்டுகளில் 6.022-க்குப் பக்கத்தில் ஓர் ஈ, அதன் இறக்கை மேல் 23. வேதியியலில் வரும் அவகாட்ரோ எண்ணை (6.022 × 10²³) அந்த வகுப்பு மறக்கவே இல்லை. இதை நான் திட்டமிடவில்லை, என்னால் திட்டமிட்டிருக்கவும் முடியாது.

நான் திட்டமிட்டு வரைந்தது தவளை. அதுதான் பிரச்சினை.

முதல் வருஷம் முகப்புப் பக்கத்துக்கு என்ன வரையலாம் என்று இரவெல்லாம் யோசித்து, தசமப்புள்ளியைத் தவளை ஆக்கினேன். 0.00045 என்று எழுதி, புள்ளித் தவளை 4-க்கும் 5-க்கும் நடுவில் வந்து உட்காரும்வரை தாவவிட்டேன். வலப்பக்கம் நாலு தாவல். எனவே 4.5 × 10⁻⁴. அடியில் பச்சை ஸ்கெட்சில் அடுக்கின் குறிக்கு ஒரு விதியும் என் கையாலேயே எழுதினேன்: 'வலம் தாவினால் குறை, இடம் தாவினால் மிகை.' பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை, சக ஆசிரியர்களிடமெல்லாம் காட்டினேன்.

மறுவாரம் தேர்வில் 4.5 × 10⁻⁴-ஐச் சாதாரண எண்ணாக எழுதச் சொன்னேன். வந்த விடை 45000. ஒருவர் இருவர் இல்லை, வரிசை வரிசையாக 45000. கூப்பிட்டுக் கேட்டால், "குறைன்னா வலப்பக்கம்தானே மிஸ், நீங்கதானே எழுதிப் போட்டீங்க" என்கிறார்கள். சரிதான், நான்தான் எழுதிப் போட்டேன். சாதாரண எண்ணிலிருந்து குறியீட்டுக்குப் போகும்போது தவளை சொல்வது உண்மை, திரும்பி வரும்போது அதே தவளை பொய் சொல்கிறது. 10⁻⁴ என்றால் பத்தாயிரத்தால் வகுப்பது, வகுத்தால் எண் சின்னதாகும் என்ற ஒரே ஒரு வரி புரிந்திருந்தால் எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது. அந்த வரி எங்கே இருந்தது தெரியுமா? தவளையின் வயிற்றுக்கு அடியில், பென்சிலில்.

மூன்றாம் வருஷம் தவளையைத் தூக்கிவிட்டேன். அதன் இடத்தில் ஒரு தராசு. ஒரு தட்டில் முன்னால் நிற்கும் எண், இன்னொரு தட்டில் பத்தின் அடுக்கு. இது இறங்கினால் அது ஏறும், மொத்த மதிப்பு மாறாது. திசையே கிடையாது. நல்ல படம். நன்றாகவும் நடத்தினேன். காலாண்டு விடைத்தாள் ஓரத்தில் பார்த்தால் தவளை! நான் தவளையே காட்டாத வகுப்பு அது. எப்படி வந்தது என்று விசாரித்தால், "எங்க அக்கா நோட்டு மிஸ்." படம் போட்ட நோட்டை யாரும் எடைக்குப் போடுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாதாரண நோட்டு மார்ச் மாதத்தோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். இது தம்பிக்கு, தங்கைக்கு, எதிர்வீட்டுப் பையனுக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறது. போன வருஷம் ஒரு டியூஷனில்கூட தவளை தாவுவதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். கரப்பான்பூச்சி அந்தப் பக்கத்தைத் தின்றிருக்கக் கூடாதா?

தவளைக்கு அடுத்தபடி என் கோபம் கூட்டல் கதவின்மேல். பூமி 5.97 × 10²⁴ கிலோ, நிலவு 7.35 × 10²² கிலோ. இரண்டையும் கூட்டச் சொன்னால் 13.32 × 10⁴⁶ என்று வரும். முன்னால் இருப்பதைக் கூட்டு, மேலே இருப்பதையும் கூட்டு. பூமியோடு நிலவைச் சேர்த்ததும் நம் பால்வீதியையே தாண்டிய கனம் வந்துவிட்டது. சாதாரணமாகக் கரும்பலகையில் நடத்திய காலத்திலும் இந்தத் தவறு உண்டு. ஆனால் மடிப்பு நோட்டு வந்தபின் அது கூடியதாகவே எனக்குப் படுகிறது. அதற்குக் காரணம் அந்தத் தாள்தான் என்று நினைக்கிறேன். நான்கு கதவும் ஒரே அளவு, ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்து வீடு. பார்த்தால் நாலும் ஒரே குடும்பம் என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். பெருக்கலும் வகுத்தலும் அடுக்கின் விதியில் நடக்கின்றன (பெருக்கினால் அடுக்குகளைக் கூட்டு, வகுத்தால் கழி). கூட்டலும் கழித்தலும் அப்படி இல்லை, முதலில் அடுக்கைச் சமமாக்க வேண்டும், அதன்பின் அடுக்கைத் தொடவே கூடாது. தாள் அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டது. இப்போது கூட்டலுக்கும் கழித்தலுக்கும் தனித் தாள், வேறு நிறம், உள்ளே இரட்டைக் கதவு. முதல் கதவில் 'அடுக்கு சமமா?' என்ற கேள்வி. 0.0735 × 10²⁴ என்று மாற்றி எழுதியவர்கள்தான் அடுத்த கதவைத் திறந்து 6.0435 × 10²⁴ என்று எழுத வேண்டும். கொஞ்சம் தேவலாம். ஆனால் கதவு பூட்டியா இருக்கிறது? திறந்து பார்த்துவிடுகிறார்கள்.

கூட்டலைக் கடைசியில் சரிசெய்தது படமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

பெருக்கல் கதவில் ஒட்டுவதற்குச் செய்தித்தாளில் 'லட்சம் கோடி' என்ற சொல்லைத் தேடி வெட்டிவரச் சொல்வேன். பட்ஜெட் செய்தியில் எப்படியும் கிடைக்கும். லட்சம் 10⁵, கோடி 10⁷, லட்சம் கோடி 10¹². "ஓ, லட்சத்தையும் கோடியையும் பெருக்கித்தான் இப்படிச் சொல்றாங்களா?" என்று வகுப்பே வாயைப் பிளக்கும். அதுவரை அது ஒரு பெரிய தொகையின் பெயர், அவ்வளவுதான். போன வருஷம் அந்த நேரத்தில் ஏதோ ஞாபகத்தில், "சரி, ஒரு கோடியையும் ஒரு லட்சத்தையும் கூட்டினா?" என்றேன். "ஒரு கோடியே ஒரு லட்சம்" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. லட்சம் கோடி என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. பலகையில் 1 × 10⁷ + 1 × 10⁵ என்று எழுதினேன். கீழே 1.01 × 10⁷. அமைதி. பிறகு முன் பெஞ்சிலிருந்து, "அப்ப பூமியே ஒரு நிலவு மிஸ்" என்று ஒரு குரல். 'கோடியே' என்பதில் வரும் அந்த ஏகாரத்துக்குள் நான் மூன்று வருஷமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பாடம் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கத்தரிக்கோலும் வேண்டாம், பசையும் வேண்டாம், இரண்டே நிமிடம்.

வரைந்தால் நினைவில் நிற்கும் என்பதை நான் மறுக்கவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் காட்டியது. சொல்லை எழுதியவர்களைவிட வரைந்தவர்களுக்கு அது கூடுதலாக நினைவில் நின்றது. ஆனால் அவர்கள் கொடுத்தது ஆப்பிள் மாதிரிச் சொற்கள். ஆப்பிளை வரையலாம். 'அடுக்கைச் சமமாக்கு' என்பதை எப்படி வரைவது? வரைந்தது தவறாகிப்போனால் அதுவும்தானே சேர்ந்து நிற்கும்? எங்கள் தவளை நிற்கிறதே.

கணக்குப் பார்த்தால் இந்த முறைக்குச் சாதகமாகத்தான் வரும், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்றப் பாடங்களில் நோட்டே திறக்காத பிள்ளைகள் இதைத் திறக்கிறார்கள். கணக்கென்றால் காய்ச்சல் வரும் ஒரு பெண் இடது ஓரத்தில் எழுதிய கேள்விகளைத்தான் இப்போது வகுப்புத் தேர்வுக்கே எடுத்துக்கொள்கிறேன். திருப்புதல் தேர்வுக்கு முன் அரை மணி நேரத்தில் கதவைத் திறந்து மூடியே மொத்தத்தையும் பார்த்துவிடுகிறார்கள். இருந்தாலும் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அன்று காலைதான் எட்டாம் வகுப்பிலிருந்து ஏறிவந்த ஒரு பையன் பையிலிருந்து அண்ணன் நோட்டை எடுத்து, "மிஸ், இந்தத் தவளை எப்ப வரும்?" என்று கேட்டிருந்தான். அந்த எரிச்சலில் வேறு என்ன சொல்வேன்?

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "சரிக்கா, புரியுது" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "அப்ப எந்தப் பசை வாங்கட்டும்?"

குச்சிப் பசை வாங்கச் சொன்னேன். நாலு பேருக்கு ஒன்று போதும். கூட்டலுக்கு வேறு நிறத் தாள். முகப்புப் பக்கத்தை நானே வரைந்து அனுப்புகிறேன், அதுவரை நீயாக எதையும் வரைந்துவிடாதே என்றேன்.