டேக் எடிட்டர்: டர்பன் சிறு நிறுவனங்களுக்குப் போதுமா?

அமேசான் வெப் சர்வீசஸ் என்ற வாடகை சர்வர் சேவையின் கேப்டவுன் ரீஜனில் (டேட்டா சென்டர் வட்டாரத்தில்) சர்வர் ஓட்டும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், அதன் புறநகர் சாட்ஸ்வொர்த் சிறு நிறுவனங்களுக்கு, அதன் டேக் எடிட்டர் தாராளமாகப் போதும். சர்வர், டிஸ்க் போன்ற ரிசோர்ஸ்களில் ஒட்டும் பெயர்ச்சீட்டுதான் டேக்; அவற்றைத் தேடித் திருத்தும் கருவி இது. ரீஜன், ரிசோர்ஸ் வகை, டேக் மூன்றையும் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். ரிசோர்ஸ் ஒன்றுக்கு 50 டேக் வரை போடலாம். அத்தனை யாருக்கு வேண்டும்? கிளை, பொறுப்பாளர், சோதனையா நேரடியா என்ற மூன்றே போதும்.

தொல்லை எழுத்தில்தான். கிளைப் பெயரின் ஆங்கில முதலெழுத்தை ஒருவர் பெரியதாகவும் இன்னொருவர் சின்னதாகவும் அடித்தால் அவை இரண்டு வேறு டேக். ஃபில்டரில் பாதி சர்வர் மறைந்துபோகும்.

டேக் இல்லாதவற்றை மட்டும் தேடும் வசதிதான் இதன் உயிர். சர்வரை நீக்கிய பிறகும் டேக் இல்லாமல் கிடந்து காசு தின்னும் டிஸ்க்குகள் அதில் சிக்கும்.

பில் கிளைவாரியாகப் பிரிய, பில்லிங் பக்கத்தில் அந்த டேக்கைத் தனியாக ஆக்டிவேட் செய்ய வேண்டும். 24 மணி நேரம் வரை பிடிக்கும்.