ஊட்டியில் அறை எடுக்கிறீர்களா? எந்த ஹீட்டர் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் குடும்பத்தோடு தங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். காற்றுப் போகும் வழியெல்லாம் அடைத்த படுக்கையறையில் கேஸ் ஹீட்டரை எரியவிட்டு, அதற்கு இரவுக்கு 900 ரூபாய் தனிக் கட்டணமும் வாங்கும் ஒரு விடுதியில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். விடியும்வரை அது எரிந்திருந்தால் என் அம்மாவுக்கும் அக்கா மகளுக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். கோவையில் உணவகங்களின் கேஸ் அடுப்புகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில்.

முன்பதிவுப் பக்கத்தில் ‘அறையில் ஹீட்டர் வசதி உண்டு’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். படித்தவர் எவரும் மின்சார ஹீட்டர் என்றுதான் எடுத்துக்கொள்வார். நான் இரவுச் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரத்தில் விடுதிப் பையன் ஒருவன் சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டரை உருட்டிவந்து, அதில் எரியும் மூன்று பீங்கான் தட்டுகளையும் பற்றவைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் வந்து கதவைத் திறந்தபோது ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி வெளியேறும். வெளியே போக வழியில்லாத அறை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை குமட்டுகிறது என்று அழுதாள்.

“மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவு வளைவாக வந்தது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது” என்றார் அம்மா. மலைப்பாதையில் வந்த யாருக்கும் இப்படித்தான் தோன்றும். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம் எல்லாமே, காற்றுப் போதாமல் கேஸ் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உடலில் ஏறுவதற்கான அறிகுறிகளும்தான். ஒரு மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடுவார்கள், அதன்பிறகு எழுந்திருக்கவே மாட்டார்கள். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. சிலிண்டர் கேஸில் கலக்கும் வாடை கசிவைத்தான் காட்டிக்கொடுக்கும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிவதைக் காட்டாது.

இருவரையும் வராந்தாவுக்குக் கொண்டுவந்து, ஹீட்டரை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடினேன். மேலாளர் வந்தார். கையோடு விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரையும் கொண்டுவந்திருந்தார். அம்மாவின் விரலில் மாட்டி, “97 காட்டுகிறது சார், ஒன்றும் இல்லை” என்றார். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: கார்பன் மோனாக்சைடு பற்றிக்கொண்ட இரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்ஸிஜன் ஏறிய இரத்தமாகவே கணக்கில் எடுக்கும். ஆளுக்கு நினைவு தப்பும்போதுகூட எண் நன்றாகவே இருக்கும். அதை நம்பி யாரையும் திரும்ப அறைக்குள் படுக்க வைக்காதீர்கள். நல்லவேளை, வெளிக்காற்றில் இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மயக்கமோ குழப்பமான பேச்சோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அறையைச் சோதித்தேன். சுவரின் மேற்புறக் காற்றுத் துளையை அட்டை வைத்து டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். கதவின் அடி இடைவெளியில் பழைய போர்வையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். குளிர் வராமலிருக்கவாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருப்பது சுமார் 30 கன மீட்டர் காற்று. அந்த ஹீட்டர் முழுதாக எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 300 கிராம் கேஸ் தீரும். அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் மூன்றரை கன மீட்டர் காற்றாவது வேண்டும். விடியும்வரை எரிந்தால் அது அறைக் காற்று முழுவதற்கும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். அதே காற்றைத்தான் மூன்று பேர் மூச்சுவிடவும் வேண்டும்.

இதைவிடக் கொடுமை ஹீட்டருக்குள் இருந்தது. தரமான கேஸ் ஹீட்டரில் ஒரு சிறிய பைலட் சுடர் இருக்கும். அறையில் ஆக்ஸிஜன் குறைந்தால் அந்தச் சுடர் விலகி அணையும், உடனே வால்வு கேஸை நிறுத்திவிடும். இங்கே பைலட் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. வால்வு எப்போதும் திறந்தே நிற்கும்படி கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. கேட்டதற்கு அந்தப் பையன் வெள்ளந்தியாகச் சொன்னான்: “நடுராத்திரியில் அடிக்கடி அணைந்துவிடுகிறது என்று தங்குகிறவர்கள் திட்டினார்கள் அண்ணா. மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.” அது அணைந்ததால்தான் அவர்கள் பிழைத்திருக்கிறார்கள். பிழைக்கவைத்த பாகத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதற்குச் ‘சரிசெய்தல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் தொழிலில் இருக்கும் ஒருவர் இதைச் செய்தார் என்பதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சிலிண்டரோ 14.2 கிலோ சிவப்பு வீட்டு சிலிண்டர். விடுதியில் அதைப் பயன்படுத்துவதே சட்டப்படி குற்றம். கைப்பிடிக்குக் கீழுள்ள பட்டையில் ‘டி 23’ என்று இருந்தது, அதாவது 2023 டிசம்பரோடு சோதனைக் கெடு முடிந்தது. ரப்பர் குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை, வளைத்தால் வெடிப்பு தெரிந்தது. கசிந்தால் கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் தரையில்தான் படியும். குழந்தைக்குக் கூடுதல் மெத்தை போட்டிருந்ததும் தரையில், சிலிண்டருக்கு இரண்டடி தள்ளி.

மேலாளர் கடைசிவரை “இத்தனை வருடத்தில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஹீட்டர் கட்டணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. அறை பதிவுசெய்த நிறுவனம், அறைக்குள் இருக்கும் பொருள்களுக்கு விடுதிதான் பொறுப்பு என்று ஒரே வரியில் கைகழுவியது. நுகர்வோர் உதவி எண் 1915-இலும், சிலிண்டர் விஷயமாக மாவட்ட வழங்கல் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் அறை எடுக்கும் முன் போன் செய்து, மின்சார ஹீட்டரா கேஸ் ஹீட்டரா என்று நேராகக் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ்தான் என்றால் படுக்கையறைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூடத்தில் விழித்திருக்கும்போது, ஜன்னலைத் திறந்துவைத்து எரிப்பதோடு நிற்கட்டும். தூங்கப் போகும்போது ஹீட்டரையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, மேலே சுவரில் கரி படிந்திருந்தாலோ பற்றவைக்கவே விடாதீர்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். தணல் போட்ட கரி அடுப்பை அறைக்குள் வைக்கிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதற்கும் இதே பதில்தான். நாங்கள் மிச்ச இரவைக் கூடுதல் கம்பளியும் வெந்நீர்ப் பையும் வைத்துத்தான் கழித்தோம். குளிர் தாங்கக்கூடியதாகவே இருந்தது.