பெட்ரோல் விளக்கு மக்கர் செய்தால்: ஒயரைப் பார்ப்பதா, ஃப்ளோட்டை மாற்றுவதா, கிலோமீட்டரை நம்புவதா?

பைக்கில் பெட்ரோல் குறைந்தால் எரியவேண்டிய மஞ்சள் விளக்கு எரியாமல் போனாலோ, டேங்க் நிரப்பிய பிறகும் அணையாமல் நின்றாலோ நம் பக்கம் மூன்று விதமாகச் சொல்வார்கள். ஒயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றிப் பார்க்கலாம் என்பார் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். டேங்குக்குள் இருக்கும் ஃப்ளோட், அதாவது மிதவை, போய்விட்டது, புதுசு போட்டுவிடலாம் என்பார்கள் சர்வீஸ் சென்டரில். அதெல்லாம் எதற்கு, கிலோமீட்டரைப் பார்த்து ஓட்டினால் போதாதா என்பார் வீட்டுப் பெரியவர். என் ஓட்டு எலெக்ட்ரீஷியனுக்குத்தான், அதுவும் டெல்டாவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு. மற்ற இரண்டும் வேண்டாம் என்றில்லை, அவற்றின் முறை அப்புறம் வரும்.

அதற்கு முன் உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று தெரியவேண்டும். முள்ளோ டிஜிட்டல் கட்டமோ காட்டும் வண்டியில், டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அதுவும் இறங்கும், அதோடு சேர்ந்து மின்தடை மாறும், மீட்டர் அதைப் படித்து விளக்கைப் போடும். முள் இல்லாமல் விளக்கு மட்டும் இருக்கும் வண்டிகள் பலவற்றில் தெர்மிஸ்டர் என்ற சின்னப் பொருள் இருக்கும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ச்சியாக இருந்து மின்சாரத்தைத் தடுக்கும். பெட்ரோல் இறங்கி வெளியே தெரிந்ததும் தன் வழியாக ஓடும் மின்சாரத்தாலேயே சூடாகி வழிவிடும், விளக்கு எரியும். சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால் உடனே எரியவில்லையே என்று பதற வேண்டாம். பிரேக் பிடிக்கும்போதும் பாலம் ஏறும்போதும் லேசாக மின்னுவது பெட்ரோல் அலம்புவதால்தான், பழுது இல்லை.

சரி, ஒயர். நம் ஊரில் ஒயருக்கு எதிரிகள் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் வண்டியை ஓட்டுகிறோம். வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிறோம், இல்லாவிட்டால் வாட்டர் சர்வீஸில் டேங்குக்கு அடியில் பீய்ச்சி அடிக்க விடுகிறோம். தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரை கடலோரத்தில் உப்புக்காற்று, வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் கேட்கவே வேண்டாம். அறுவடை முடிந்தால் வயல் எலி வீட்டுக்கு வரும், கொட்டகையில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் குடித்தனம் நடத்தும்.

டேங்க் அருகே இருக்கும் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் பச்சையாகப் பிடிக்குமே, அதே களிம்பு பின்களில் பூத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கப்ளர் நன்றாகத்தான் தெரியும். பின் ஒன்று மட்டும் பின்னால் நழுவி, தொட்டும் தொடாமலும் நிற்பதும் உண்டு. குண்டும் குழியுமான சாலையில் குலுங்கக் குலுங்க அணைந்து அணைந்து எரியும் விளக்குகளுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். டேங்க் மூடி மூடியே இருக்கட்டும். சாவியை அணைத்துக் கப்ளரைப் பிரித்து, மீட்டருக்குப் போகும் பக்கத்தின் இரண்டு பின்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, பிறகு சாவி போடுங்கள். தெர்மிஸ்டர் வகையில் விளக்கு உடனே எரியவேண்டும். எரிந்தால் பல்ப், ஃபியூஸ், ஒயர், எர்த் எல்லாம் சரி, பின்களைத் துடைத்து மாட்டிய பிறகும் சரியாகாவிட்டால் கோளாறு டேங்குக்குள். எரியாவிட்டால் டேங்கைத் தொடவே வேண்டாம், ஃப்ளோட்டுக்குக் கொடுக்க இருந்த காசு மிச்சம். முள் வகையில், கப்ளர் பிரிந்திருக்கும்போது முள் ஒரு கோடியிலும் இணைத்தால் மறு கோடியிலும் நிற்கவேண்டும். டிஜிட்டல் மீட்டரில் இப்படி நேரடியாக இணைப்பதைவிட மல்டிமீட்டரால் டேங்க் பக்கத்து மின்தடையைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. காலி டேங்குக்கு அதிகத் தடை என்று வைத்திருக்கும் வண்டிகளில், ஒயர் அறுந்தாலும் மீட்டருக்கு அது காலி டேங்காகத்தான் தெரியும். அப்போதுதான் நிரப்பிய வண்டியில் முள் காலியில் படுத்து விளக்கும் எரிந்தால், முதலில் ஹேண்டில் கழுத்தைப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி மடங்கி ஒயர் அறுவது அங்கேதான். அறுந்ததை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழை வரைதான் தாங்கும். ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, கப்ளருக்குள் கொஞ்சம் வாசலின் தடவினால் பிழைக்கும்.

ஃப்ளோட்டை மாற்றுவது எப்போது? மேலே சொன்ன சோதனையில் ஒயர் தப்பித்தால் மட்டும். நம் மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் இறங்க வழி நிறைய, இப்போது பங்க்கில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலோ ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும், துரு அங்கிருந்து ஆரம்பிக்கும். மிதவை யூனிட்டைக் கழற்றியதும் கம்பியை மெல்ல ஏற்றி இறக்கியபடி மல்டிமீட்டரைப் பாருங்கள். எண் சீராக மாறினால் யூனிட் நல்லது, திடீரென்று தாவினால் உள்தடம் தேய்ந்துவிட்டது. மிதவையைக் காதருகே ஆட்டினால் களக் களக் என்றால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. வளைந்த கம்பி என்றால் நிமிர்த்தினாலே போதும். இந்த வேலையைத் திறந்தவெளியில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. ரப்பர் வாஷர் புதிதாகவே போடவேண்டும், பழையது கசியும்.

கார்புரேட்டர் வண்டியில் இது சில நூறு ரூபாய் சமாசாரம். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் இந்த மிதவை யூனிட் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்போடு சேர்ந்தே இருப்பதால் பில் சட்டென்று ஆயிரங்களில் ஏறும். மாற்றச் சொல்கிறவரிடம் ஒயரைப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

சிலர் நடுவில் பல்பை எல்இடியாக மாற்றிப் பார்ப்பார்கள். தெர்மிஸ்டர் வண்டியில் அது வேலைக்கு ஆகாது. 12 வோல்ட்டில் 3 வாட் பல்ப் கால் ஆம்பியர் இழுக்கும், அந்த மின்சாரம்தான் தெர்மிஸ்டரைச் சூடாக்குகிறது. எல்இடி இழுப்பது அதில் ஒரு துளி.

பெரியவர் சொன்ன வழி பழைய வண்டிக்குப் பொருந்தும். ரிசர்வ் திருகு இருந்தது, இன்ஜின் இருமினால் திருப்பினோம், பங்க் வரை போனோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன, திருகும் போய்விட்டது. அவற்றின் பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கியிருந்து அதிலேயே குளிர்வது. அடிக்கடி வற்றவிட்டு ஓட்டினால் பம்ப் சூடேறிக் கெடும். டிரிப் மீட்டர் கணக்கும் ஆடிக் காற்றில் எதிர்த்துப் போனால் ஒன்று, பின்னால் இரண்டு மூட்டை விதைநெல் இருந்தால் ஒன்று. ஆனாலும் விளக்கு சரியாகும்வரை அதைவிட்டால் வேறு துணை இல்லை. டேங்க் நிரப்பியதும் பூஜ்யத்தில் வைத்து, மைலேஜ் கணக்கில் கால்வாசியைக் கழித்துவிட்டு ஓட்டுங்கள். அளவு பார்க்கவேண்டுமானால் சைடு ஸ்டாண்டில் வேண்டாம், வண்டி சாய்ந்திருப்பதால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பொய் சொல்லும்.

வாரன்டி முடியாத வண்டியென்றால் கப்ளரைப் பிரித்துத் துடைப்பதோடு நிறுத்துங்கள். ஒயரை வெட்டி ஒட்டியது தெரிந்தால், பிறகு மீட்டரே போனாலும் அதைக் காரணம் காட்டிக் கைவிரித்துவிடுவார்கள்.