பப்பாளி: ஆண் வேறு பெண் வேறா, இருபால் பூவா?

திருவையாற்றுப் பக்கம் குடமுருட்டிப் படுகையில் வாழை போக ஏழெட்டு சென்ட் மேடு எங்களுக்கு மிச்சம். முந்தின வருஷம் ஆடியில் அதில் பப்பாளி வைத்தேன். கோ 2 ரகம் நாற்பது குழி, ரெட் லேடி ரகம் நாற்பது குழி. ஒரே எரு, ஒரே தண்ணீர். இனி வைத்தால் கோ 2 தான் வைப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

கோ 2-வில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ரெட் லேடியில் ஆண் மரமே கிடையாது. ஒன்று பெண்ணாக வரும், இல்லையென்றால் இருபால் பூ, அதாவது ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒன்றாக உள்ள பூ பூக்கும், இரண்டுமே காய்க்கும். விற்பனை என்று பார்த்தால் ரெட் லேடிக்குத்தான் கிராக்கி. நீளக் காய், சிவப்புச் சதை, வண்டியில் போனாலும் சீக்கிரம் நசுங்காது. அதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது குழிக் கணக்கு. பப்பாளி நாற்று ஆணா பெண்ணா என்பது பூக்கிறவரை தெரியாது. கோ 2 விதையில் பாதிக்குப் பாதி ஆண் வரும். அதனால்தான் குழிக்கு நாலு நாற்று விட்டு, பூத்ததும் ஒரு பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுகிறோம். நாலும் ஆணாகப் போக 16-இல் 1 வாய்ப்பு. நாற்பது குழிக்கு இரண்டோ மூன்றோ குழி வெறும் ஆணாக நிற்கும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையோ இருபது பெண்ணுக்கு ஓர் ஆண், அதாவது நாற்பதுக்கு இரண்டு. தேவையான ஆண் மரம் அந்தக் குழிகளிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரு பெண் மரத்தின் இடத்தைக்கூட அதற்காக விட்டுத்தர வேண்டாம்.

இந்த நாலு நாற்று நம் டெல்டாவுக்கு இன்னொரு வகையிலும் கைகொடுத்தது. ஐப்பசி மழையில் படுகை மேடே இரண்டு நாள் ஊறி நின்றது. பப்பாளிக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது, தண்டு அடியிலிருந்தே அழுகும். ரெட் லேடி விதை விலை அதிகம் என்பதால் குழிக்கு ஒன்றுதான் வைத்திருந்தேன். ஒன்பது குழி காலி. திரும்பவும் விதை வாங்கி, நாற்று விட்டு, மற்ற மரம் இடுப்பளவு வந்தபிறகு நிழலில் கொண்டுபோய் நட்டேன். அவை கடைசிவரை தேறவில்லை. கோ 2 பக்கம் இருபது நாற்றுக்கு மேல் செத்தது, ஆனால் ஒரு குழிகூடக் காலியாகவில்லை. நாற்று குறைந்ததால் வெறும் ஆண் குழி மட்டும் நாலாகிவிட்டது. இரண்டில் தலா ஓர் ஆணை விட்டுவிட்டு, மற்ற இரண்டில் மறுபடி விதை ஊன்றினேன்.

கார்த்திகை கடைசியில் பூ வந்தது. பெண் பூ இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும், மொட்டு அடியில் பருத்திருக்கும். ஆண் பூ முழ நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பார்த்ததும் வேண்டாததைப் பிடுங்கிவிடக் கூடாது. நாலு வேரும் பின்னிக் கிடக்கும். தரையோடு அறுத்துவிட வேண்டும். விட்டுவைத்த ஆண் மரத்தைப் பார்த்து, வேலைக்கு வந்த பெரியவர், “இது எதுக்கு தம்பி, ஆணி அடிங்க, காய்க்கும்” என்றார். ஆண் மரம் சில சமயம் தானாகவே நீளக் காம்பில் சின்னக் காய் விடும். அதற்கும் ஆணிக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் வெயில். ரெட் லேடியில் இருபால் பூ மரங்களின் தண்டைக் கீழிருந்து மேலே பார்த்தால், காய் அடுக்குக்கு நடுவே ஒரு முழம் மொட்டையாக இருக்கிறது. அது கத்திரி வெயிலில் பூத்த இடம். சூடு ஏறினால் இருபால் பூவில் காயாக வேண்டிய சூல்பை சுருங்கி, பூ ஆண் பூ மாதிரியாகி உதிர்ந்துவிடும். பெண் மரம் அப்படி மாறாது. கோ 2 தண்டில் அந்த மொட்டை இல்லை. இது நான் ஒரே ஒரு கோடையில் பார்த்தது. அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

விதையும் நம் கையில். ரெட் லேடி கலப்பின விதை, அதன் பழத்திலிருந்து எடுத்துப் போட்டால் தாயைப் போல வராது. கோ 2-வில் நானே எடுக்கிறேன். பக்கத்தில் ரெட் லேடி மகரந்தம் இருப்பதால், விரியப்போகும் பெண் மொட்டை மாலையில் காகிதப் பையால் மூடி, மறுநாள் காலை ஆண் பூவைக் கிள்ளி அதன் உச்சியில் தேய்த்துவிட்டு மறுபடி மூடுவேன். பழுத்ததும் விதையைச் சாம்பலில் புரட்டி, மேலே வழுவழுவென்று இருக்கும் சவ்வைக் கசக்கி எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். சவ்வோடு போட்டால் முளைப்பு குறையும்.

சிவப்புச் சதைதான் வேண்டும், ஆனால் ஆண் பெண் தனி ரகமாக இருக்கட்டும் என்றால் கோ 8 உண்டு. நான் இன்னும் வைத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று மரத்துக்குத்தான் இடம் என்றால் ரெட் லேடியே வையுங்கள். அந்த இடத்தில் ஓர் ஆண் மரத்துக்குச் சோறு போடுவது கட்டாது.