மடித்து வைப்பதா, மாட்டி வைப்பதா? மலைநாட்டு ஈரத்தில் தையல் பெட்டர்ன்

போன மாதம் பக்கத்து டிவிசனிலிருந்து தையல் பழக வரும் தங்கச்சி ஒருத்தி, என் அறைக்குள் முதல்முறை நுழையப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னக்கா, கசாப்புக் கடை மாதிரி தொங்க விட்டிருக்கீங்க?" என்றாள். சுவரில் அடித்த பலகையில் வரிசையாகக் கொக்கிகள். ஒரு கொக்கியில் ஸ்கூல் கவுன், ஒன்றில் பையன்களின் சேர்ட், ஒன்றில் சாரி ஜாக்கெட் என்று எல்லாம் பிரிஸ்டல் போர்ட் என்ற தடித்த அட்டையில் வெட்டிய பெட்டர்ன்கள், அதாவது துணி மேல் வைத்து அளவு வரையும் துண்டுகள். அவளுடைய பெட்டர்ன்கள் பிரவுண் பேப்பரில் இருக்கின்றன, நான்காக மடித்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள். "அதுவும் சரிதானே அக்கா?" என்று கேட்டாள். சரிதான். நானும் பதினொரு வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். அன்றைக்கு அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இப்போது முழுதாகச் சொல்கிறேன். நான் போர்ட் பக்கம் சாய்ந்தவள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் வேலை எப்படிப்பட்டது என்றும் தெரிய வேண்டும். ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் வீட்டோடு சேர்ந்த ஓர் அறையில் தைக்கிறேன். பாடசாலைத் தவணை தொடங்குவதற்கு முன் வெள்ளைத் துணியாக வந்து குவியும். தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் கவுனும் ஜாக்கெட்டும் வரும். ஒரே அளவு ஸ்கூல் கவுனை ஒரு வாரத்தில் ஏழெட்டுத் தடவை வெட்டுவேன். வருடத்துக்கு நாலு உடுப்பு, அதுவும் தன் பிள்ளைகளுக்கு மட்டும் தைப்பவர் என்றால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

பழைய நியூஸ் பேப்பரில் வெட்டும் வழக்கத்தை நீளமாகப் பேச வேண்டியதில்லை. வெள்ளைத் துணியில் மை ஏறும். தாள் போதாமல் கோதுமை மாப் பசை போட்டு ஒட்டினால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. எனக்கு ஒரு கை பெட்டர்ன் பசை போட்ட இடத்தில் மட்டும் சல்லடையாகிப் போயிருந்தது. பழகும் காலத்தில் கை திருந்துவதற்கு நியூஸ் பேப்பர் போதும், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி பிரவுண் பேப்பருக்கும் போர்ட்டுக்கும்தான்.

பிரவுண் பேப்பரின் நல்ல குணங்கள் தைப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். கொப்பிக்கு உறை போட விற்கும் அதே தாள், எந்தக் கடையிலும் கிடைக்கும். துணியோடு சேர்த்துப் பின் குத்தலாம். மார்பு அளவில் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்றால் நடுவில் வெட்டி இடையில் ஒரு துண்டு வைத்து ஒட்டலாம். குறைக்க வேண்டும் என்றால் ஒரு மடிப்பு. ஒரு உடுப்பின் எல்லாத் துண்டுகளையும் ஒரு கவருக்குள் போட்டு, மேலே அளவை எழுதி அடுக்கிவிட்டால் நாற்பது ஐம்பது உடுப்பு ஒரு சூட்கேஸுக்குள் அடங்கும். இடமில்லாத லயத்து வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

என்னை மாற்ற வைத்தது ஒரு ஆகஸ்ட் மாதம். தென்மேல் பருவமழை மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் விடாது. அப்போது வெளிச்சுவர் வியர்க்கும், உப்பு கரையும், கதவு சட்டத்துக்குள் இறுகும். அந்த மழையில் கவரிலிருந்து எடுத்த ஸ்கூல் கவுன் பெட்டர்னில், முன்பாவாடையின் பக்க விளிம்பையும் பின்பாவாடையின் பக்க விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். இரண்டடி நீளத்துக்குக் கால் அங்குலத்துக்குக் கிட்ட வித்தியாசம். வரைந்த அன்று இரண்டும் ஒரே அளவு, அது எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் என் அடிமட்டத்தைத்தான் சந்தேகப்பட்டேன். அதற்குள் மூன்று கவுன்களை வெட்டி முடித்திருந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். மூன்றுக்கும் கீழ்விளிம்பைச் சீவிச் சமப்படுத்தியதில், வளரும் பிள்ளைக்கென்று உள்ளே மடித்துவிடும் துணி குறைந்துபோனது.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. தாள் என்பது நார். ஈரம் ஏறினால் நார் நீளத்தில் அவ்வளவு வளராது, குறுக்கே தடிக்கும். ஆலையில் தாள் ஓடி வரும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துக் கிடப்பதால், தாளும் ஓடிய திசையில் கொஞ்சமாகவும் குறுக்குத் திசையில் கூடுதலாகவும் விரியும். நான் தாளை மிச்சம் பிடிக்க முன்பாவாடையை நெடுக்காகவும் பின்பாவாடையைக் குறுக்காகவும் வெட்டியிருந்தேன். மழை வந்ததும் இரண்டும் ஆளுக்கொரு விதமாக வளர்ந்துவிட்டன. துணியில் நூல் ஓட்டம் பார்க்காமல் யாராவது வெட்டுவோமா? தாளில் மட்டும் பார்க்கத் தோன்றவேயில்லை.

தாளின் ஓட்டம் பார்ப்பது சுலபம். ஓரத்தை இரண்டு திசையிலும் கிழித்துப் பாருங்கள். ஓட்டத்தோடு கிழித்தால் கோடு நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாகும். போர்ட் என்றால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாகச் சுருள்கிறதோ, அந்தக் குழலின் நீளவாக்குத்தான் ஓட்டம்.

இதைக் கேட்ட தங்கச்சி சரியான கேள்வியைக் கேட்டாள். "போர்ட்டும் தாள்தானே அக்கா, அது மட்டும் வளராதா?" வளரும். வளராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மெல்லிய தாள் ஒரே இரவில் ஈரத்தைக் குடித்துவிடும், தடித்த போர்ட்டுக்கு நாள் எடுக்கும். அதோடு தாள் காய்ந்தால் அநேகமாகப் பழைய அளவுக்கு வந்துவிடும், மடிப்பில் நெளிந்துபோன இடம் மட்டும் திரும்பாது. நாலு வருடம் மடித்து விரித்த கைக்குழி வளைவைப் பார்த்தால் புரியும், மடிப்புக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் நிற்கும். சூடான அயர்ன் பெட்டியை ஈரமில்லாமல் லேசாக ஓட்டினால் சுருக்கம் போகிறது, பள்ளம் போவதில்லை. தொங்கும் போர்ட்டில் மடிப்பே கிடையாது. இரண்டு பக்கமும் காற்றுப் படுவதால் பூஞ்சணமும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கவருக்குள் பொத்தி வைத்த தாள் மழை முடிந்து எடுத்தால் பழைய பெட்டி மாதிரி மணக்கும், புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். அந்தப் புள்ளி துணியில் படுமோ என்று பயந்து பயந்து வெட்ட வேண்டும்.

பெட்டர்னை மடித்துக் கவரில் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1863 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் எபெனிசர் பட்டரிக் என்ற தையல்காரர் அளவு அளவாகப் பெட்டர்ன் விற்கத் தொடங்கினார். முதலில் தடித்த அட்டையில்தான் செய்தார். அதை மடிக்கவும் அனுப்பவும் முடியாமல்தான் மெல்லிய டிஷ்யூ தாளுக்கு மாறினார். ஊர் ஊராக அனுப்பி விற்ற அவருக்கு அது தேவை. என் பெட்டர்ன் என் அறையை விட்டு எங்கும் போவதில்லை. கார்மென்ட் தொழிற்சாலைகளிலும் வெட்டுக்குரிய போர்ட் பெட்டர்ன்களைத் துளை போட்டுக் கொக்கியில்தான் தொங்க விடுகிறார்கள்.

எங்கே தொங்க விடுவது என்பதையும் நான் அடிபட்டுத்தான் கற்றேன். முதலில் வெளிச்சுவரில் மாட்டினேன், ஒரு மழைக்காலத்தில் முதுகு வளைந்துவிட்டது. இப்போது இரண்டு அறைக்கும் நடுவே வரும் உள்சுவரில், சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி மாட்டியிருக்கிறேன். அம்மா காலத்தில் காய வேண்டிய எல்லாமே அடுப்புக்கு மேலே பரணில்தான் இருக்கும். அதையும் முயன்றேன். நன்றாகத்தான் காய்ந்தது, ஆனால் விறகுப் புகையின் கரி வெள்ளைக் கவுனின் கழுத்தில் இறங்கியது. அந்தப் பேச்சு அதோடு போச்சு.

போர்ட்டுக்குக் குறை இல்லாமல் இல்லை. பின் குத்த முடியாது, பாரம் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நான் பழைய தராசுப் படிக்கற்களைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு போர்ட்டில் பெரியவர்களுக்கான கவுன் அடங்காது. இரண்டை விளிம்போடு விளிம்பாக வைத்துத் துணி டேப்பால் ஒட்டினால் கீல் போல மடங்கும். உடம்போடு பொருந்தத் துணியைக் கூராகப் பிடித்துத் தைக்கும் டார்ட்டின் முனைக்கு ஒரு துளை போட்டால் சோக் முனை அதற்குள் இறங்கிப் புள்ளி வைக்கும், துளை போடக் குத்தூசியே போதும்.

பலர் கவனிக்காத குறை இன்னொன்று உண்டு, போர்ட் வைத்து வெட்டும் துணி பெட்டர்னைவிடக் கொஞ்சம் பெருக்கும். நாம் சோக்கை விளிம்புக்கு வெளியே ஓட்டுகிறோம், பிறகு கோட்டின் மேலேயே வெட்டுகிறோம். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தாலும் நாலு துண்டுள்ள ஜாக்கெட்டைச் சுற்றி எட்டு விளிம்பு. சாரி ஜாக்கெட்டில் எட்டு மில்லிமீட்டர் என்றால் வாடிக்கையாளர் கண்ணாடி முன்னால் நின்றவுடனேயே தெரியும். கோட்டுக்கு உள்ளே வெட்டிப் பழக வேண்டும். போர்ட் தேய்ந்தால் அதையே வைத்து இன்னொன்று வரையவே கூடாது, பிழை குட்டி போடும். அதனால்தான் ஒவ்வொரு உடுப்புக்கும் மூலப்படி ஒன்றைப் பிரவுண் பேப்பரில் வைத்திருக்கிறேன். ஆம், திட்டிய அதே பேப்பர்தான். ஆனால் மடிக்காமல் சுருட்டி, பொலித்தீனில் சுற்றி, துணி ரோலின் நடுவில் வரும் அட்டைக் குழாய்க்குள். மூலப்படியிலும் போர்ட்டிலும் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று என்று 20 சென்டிமீட்டர்க் கோடு இரண்டு வரைந்துவிடுவேன். மழைக்காலத்தில் வேலை தொடங்குமுன் அடிமட்டத்தை அந்தக் கோட்டில் வைத்தால் தாள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தக் கோட்டு யோசனை எனக்கு இணையப் பெட்டர்னிலிருந்து வந்தது. அதில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும், அளந்து பார்க்கச் சொல்வார்கள். முதல்முறை அளக்காமல் விட்டேன். பிரிண்ட் எடுத்த கடையில் தாளுக்கு அடங்கும்படி சுருக்கி எடுத்துவிட்டார்கள், பத்து சென்டிமீட்டர் ஒன்பதரையாகி இருந்தது. கேட்காதது என் பிழையும்தான், நூறு வீதம் என்று சொல்லி எடுக்க வேண்டும். பெட்டர்ன் முழுதாக வரும் பெரிய ஏ0 அளவுத் தாள் ஒன்றுக்கு, சாதாரண பிரிண்டரில் போகும் ஏ4 பதினாறு. அத்தனையையும் செலோடேப்பால் ஒட்டினால் எங்கள் குளிரில் ஒரு மழைக்குள் டேப் எழும்பிவிடும். ஒட்டிய அன்றே போர்ட்டுக்கு மாற்றிவிட்டு அந்தத் தாளை மறந்துவிடுவதுதான் நல்லது. வெளிநாட்டுப் பெட்டர்னில் இன்னொன்றும் பாருங்கள். அமெரிக்கக் கவர்களில் வருவதில் தையலுக்கென்று ஒன்றரை சென்டிமீட்டர் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். 'புர்டா' (Burda) என்ற தையல் இதழோடு வரும் தாளில் இருக்காது, நாம்தான் விட வேண்டும். என் துண்டு ஒவ்வொன்றிலும் 'தையல் சேர்த்தது' அல்லது 'சேர்க்காதது' என்று சிவப்பில் எழுதியிருப்பேன். அதற்குக் கீழே அளவு, எத்தனை வெட்டு, மடிப்பில் வைப்பதா, நூல் ஓட்ட அம்பு. மூலையில் 'ஏழில் மூன்று' என்று எண். கொலர் துண்டு தொலைந்தால் துணியில் கத்தரி வைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

அப்படியென்றால் பிரவுண் பேப்பரை எப்போது எடுக்கிறேன்? கல்யாண ஜாக்கெட்டுக்கு. ஒரு உடம்புக்கு, ஒரு தடவை. தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும், கழுத்து ஆழத்தில் மணப்பெண்ணுக்கும் அவள் அத்தைக்கும் சண்டை நடக்கும், தாளில் நாலு தடவை திருத்த வேண்டிவரும். அங்கே போர்ட் வீண் செலவு.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்கள் என் மாதக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். எங்களுக்குக் கொட்டும்போது அங்கே காய்ந்த காற்று, அவர்களுடைய பெருமழை வருடக் கடைசியில்தான். கோட்டை அளந்து பார்க்க வேண்டிய நேரம் அவர்களுக்கு ஸ்கூல் கவுன் சீசனோடு சேர்ந்தே வரும்.

கடைப் பை தைக்கும் நொன்வூவன் துணியில் பெட்டர்ன் வெட்டுவதை இப்போதுதான் சோதிக்கிறேன். அது பிளாஸ்டிக் இழை, ஈரம் குடிக்காது, பின்னும் குத்தலாம், தைத்துப் போட்டும் பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னிடம் இருப்பது இரண்டே ஜாக்கெட், ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் பார்க்கவில்லை. அதில் ஒன்றின் கைத்துண்டு, அயர்ன் பெட்டியைப் பக்கத்தில் வைத்த அன்றே சுருண்டு உருகிவிட்டது.

தங்கச்சி போகும்போது இரண்டு போர்ட் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். பிஸ்கட் டின் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன், பொத்தான் போட்டு வைக்கலாம்.